காதைத் தொட்ட கை

1

என்னுடைய அறுபதாவது பிறந்த நாளன்று என் பேத்தி லியா ஒரு கேள்வி கேட்டாள். ஏழு வயசுக் குழந்தை, அவள்மேல் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் என்னைப் பாரிஸிலிருந்து நான் பிறந்த மரக்காணம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது.

முதலில் அந்த அறுபதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நிஜ அறுபது இல்லை, காகித அறுபது. என் பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். பெற்றவர்களுக்குத் தேதி தெரியாது. ஹெட்மாஸ்டருக்கு விசாரித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பின்னால் ஏதாவது வேலை கிடைத்தால் உதவும் என்று வயசில் ஒன்றையும் குறைத்து எழுதிவிட்டார். அவர் குறைத்த அந்த ஒரு வருஷத்தை இன்றைக்கு நான் இங்கே வேலை பார்த்துக் கழித்துக்கொண்டிருக்கிறேன். பென்ஷன் வர இன்னும் வயசு ஆகவில்லையாம். என் முட்டியைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும்.

என் வீடு பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் முப்பது நிமிஷம். ஏழாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. என் வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. மகன் லியோனில் இருக்கிறான். அன்றைக்கு நாலு நிமிஷம் பேசினான், அதில் இரண்டு நிமிஷம் லைனில் ஏதோ சத்தம். மகள் மாலாதான் கேக் வாங்கி வந்தாள். வந்தவள், "அம்மா, பெரியம்மாவைக் கூப்பிடலாம்" என்று போனில் வீடியோ போட்டுவிட்டாள்.

பெரியம்மா என்றால் அஞ்சலை. என் கூடப் பிறந்தவள். கூடப் பிறந்தவள் என்றால் நிஜமாகவே கூட. ஒரே வயிற்றில், ஒரே நாளில், எனக்குக் கால் மணி நேரம் முன்னால். சின்ன வயசில் எங்கள் அம்மாவே எங்களைக் குரல் வைத்துத்தான் பிரித்துச் சொல்லுவாள். அப்படி ஒரு அச்சு.

படத்தில் அஞ்சலை வந்தாள். உப்பளத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறாள் போல. தலையில் துணி, முகம் முழுக்கக் கோடு, கறுத்துக் காய்ந்த தோல், வலது கண்ணில் வெள்ளையாகச் சதை வளர்ந்து கறுவிழியில் ஏறிக் கிடந்தது. சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லை. கீழே மூலையில் சின்னதாக என் முகம். சாயம் அடித்த முடி, கன்னத்தில் கிரீம், காதில் கல் தோடு.

லியா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சில் கேட்டாள்: "பாட்டி, இது உங்க அம்மாவா?"

மாலா கேக் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அஞ்சலை அங்கிருந்து, "பாப்பா இன்னாடி சொல்லுது?" என்றாள்.

"நீ அழகா இருக்கியாம்" என்றேன்.

அஞ்சலை போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு அவள் சொன்னாள்: "உனுக்கு இப்ப பொய் சொல்லவே வர்ல அலமேலு. சின்ன வயசுல நல்லா சொல்லுவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றோடு அவள் வீடியோவில் வருவதை நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டால் எடுப்பாள், பேசுவாள், ஆடு குட்டி போட்டதைச் சொல்லுவாள். படம் மட்டும் வராது. "போன் ரிப்பேரு" என்பாள். ரிப்பேர் ஒன்றுமில்லை என்று அவள் மகன் குமார் சொல்லிவிட்டான்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில், பகலும் ராத்திரியும் மாறி மாறி ஷிஃப்ட். இருபத்தாறு வருஷமாகக் கிழவர் கிழவிகளைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிறேன். ஆகவே மனுஷர் எப்படி மூப்படைகிறார்கள் என்று யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் கொஞ்சம் எரிச்சல் வரும். இங்கே டிவியைத் திறந்தால் அதுதான். இதைத் தின்னுங்கள், அதை விடுங்கள், பத்தாயிரம் அடி நடங்கள், சாகவே மாட்டீர்கள். போங்களேன்!

என் பொறுப்பில் ழானெத் என்று ஒரு அம்மாள். தொண்ணூற்று நாலு. அறுபது வருஷம் சிகரெட் பிடித்தவள். மத்தியானம் ஒரு சின்னக் கிளாஸ் ஒயின் இல்லாமல் சோறு இறங்காது. காலையில் உதட்டுச் சாயம் பூசிவிட்டால்தான் கதவைத் திறக்க விடுவாள். அடுத்த அறையில் இருப்பவர் நீச்சல் சொல்லிக்கொடுத்த வாத்தியார். வாழ்க்கையில் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. எழுபதுதான் ஆகிறது. தன் பேரையே என்னிடம் கேட்கிறார். இதில் எது விதை, எது வளர்ப்பு? எனக்குத் தெரிந்தவரைக்கும், பார்க்க ஆள் வருகிறவர்கள் மெதுவாகக் கிழடாகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் சீக்கிரம். அதுவும் எல்லோருக்கும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் என் வலது தோள் இறுகிப்போனது. முதலில் வலி. பிறகு கையே மேலே போகவில்லை. தலை வார முடியாது, அலமாரியில் மேல் தட்டு எட்டாது, இல்லத்தில் ஆளைத் தூக்குவதைக் கூட வேலை பார்ப்பவர்கள்தான் செய்தார்கள். புடவைக்கு ஜாக்கெட் போட மாலா வந்து உதவ வேண்டும், அவள் வராத நாளில் ஸ்வெட்டரோடு சரி. சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித் தோள் பூட்டிக்கொள்ளுமாம். எனக்கு சர்க்கரை வந்து பதினோரு வருஷம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். நான் ஐந்தில் நன்றாகவே வளைந்தவள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே என்னைப் பார்க்கிற டாக்டர் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டார். அப்பா எதில் போனார்? "மூச்சு வாங்கிச்சு, போய்ட்டார்" என்பதைப் பிரெஞ்சில் சொன்னேன். அம்மா எத்தனை வயசில் போனாள்? தெரியாது. கூடப் பிறந்தவர்கள்? இரட்டை, ஒரே அச்சு என்றேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! உங்கள் இருவருக்கும் உடம்பின் விதை ஒன்றேதான். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா? எலும்பு எப்படி? பரிசோதித்துப் பாருங்கள், இரண்டு பேருக்குமே நல்லது."

இதே சமயத்தில்தான் பென்ஷன் அலுவலகத்திலிருந்து கடிதம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பள்ளிக்கூடச் சான்றிதழ்தான் இருக்கிறது, உடன் பிறந்தவர்களுடைய ஆவணம் எதுவும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். குமாரிடம் சொல்லி அஞ்சலையின் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து அந்த அலுவலகத்து அம்மாள் கூப்பிட்டாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மதாம், உங்கள் இரட்டைச் சகோதரி உங்களைவிட எட்டு வயசு மூத்தவராக இருக்கிறாரே?"

அஞ்சலைக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"ஊருக்கு வந்து அட்டைக்குப் போட்டோ புடிச்சாங்க இல்ல, அப்ப வயசு கேட்டாரு. தெரியாது சார்ன்னேன். என் மூஞ்சிய ஒரு தரம் பாத்தாரு, எழுதிட்டாரு. நான் இன்னா பண்றது?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே நாளில் பிறந்தோம். ஹெட்மாஸ்டர் எனக்கு ஒன்றைக் குறைத்தார், வெயில் அவளுக்கு ஏழைக் கூட்டிவிட்டது.

3

இனி அந்த ஐந்து வயசுக் கதை. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயசுச் சான்றிதழ் யார் வைத்திருந்தார்கள்? கைதான் சான்றிதழ். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் வயசு ஆயிற்று, சேர்த்துக்கொள்ளலாம். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. உங்களில் என் வயசுக்காரர்கள் எல்லோரும் இப்படி நின்றிருப்பீர்கள்.

எங்கள் அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போனார். வழியிலேயே சொல்லிவிட்டார். அம்மா உப்பளத்தில், தம்பி கைக்குழந்தை, அவனைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். "யாருக்கு எட்டுதோ அது இந்த வருஷம். எட்டாதது அடுத்த வருஷம்." அவருக்கு ஓரவஞ்சனை கிடையாது. இரண்டு பேருக்கும் எட்டினால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவும் மாட்டார்.

அஞ்சலை முதலில் நின்றாள். நேராக நின்றாள், சுவரில் சாய்த்த பலகை மாதிரி. கை போயிற்று. விரல் நுனி காதுக்கு மேலே, ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. "எட்டல. அடுத்த வருஷம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

பிறகு நான். அவளுக்கு எட்டாதது எனக்கு எப்படி எட்டும்? ஒரே நீளக் கை. ஐந்து வயசுக்கு அது எனக்குப் புரிந்தது, பெரியவர்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. நான் கையைக் கொண்டுபோகும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். கொஞ்சம்தான். காது மேலே வந்து விரலில் முட்டியது.

"எட்டுது. இதைச் சேத்துக்கலாம். ஜூன் ஒண்ணு."

அவ்வளவுதான். அடுத்த வருஷம் வந்தது. தம்பி நடக்க ஆரம்பித்திருந்தான். நடக்கிற பிள்ளையைப் பார்க்கத்தான் கட்டாயம் ஆள் வேண்டும், உப்பளத்தைச் சுற்றி வாய்க்காலும் தண்ணீரும். அதற்கு அடுத்த வருஷம் இன்னொரு காரணம். ஒன்பது வயசில் அஞ்சலை அம்மாவோடு உப்பு வார இறங்கிவிட்டாள். நான் பத்தாவது முடித்தேன். புதுச்சேரி மாப்பிள்ளை வீட்டார் படித்த பெண் கேட்டார்கள். மரக்காணத்தில் எங்கள் தெருவில் படித்த பெண் நான்தான்.

ஒரு தலை சாய்ப்பு. அதிலிருந்து எல்லாம் வந்தது. ஏழாவது மாடி, சர்க்கரை, மாலா, லியா, பிரெஞ்சு, கன்னத்துக் கிரீம், எல்லாம். அவளுக்கும் அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை ஊருக்குப் போயிருக்கிறேன்! அவளுக்குப் புடவை கொண்டுபோனேன், சாக்லேட் கொண்டுபோனேன், வலி போக்குகிற தைலம் கொண்டுபோனேன். இதை மட்டும் சொன்னதில்லை. "சின்ன வயசுல நல்லா சொல்லுவ" என்று அவள் போனில் சொன்னது என்னை அறுக்க ஆரம்பித்தது. தெரிந்து சொன்னாளா, சும்மா வாயில் வந்ததா? ஆகஸ்டு லீவில் டிக்கெட் போட்டேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட வேண்டும். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தலை முதல் கால் வரை பார்த்துவிட வேண்டும். இரண்டாவதைச் சாக்காக வைத்துக்கொண்டு முதலாவதைச் செய்யலாம் என்பது என் திட்டம்.

4

புதுச்சேரியிலிருந்து பஸ். மரக்காணத்தில் இறங்கும்போது ஒரு பெரியவர் மேல் இடித்துவிட்டு "பர்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா?" என்றார். இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்னால் பாரிஸ் ரயிலில் ஒருத்தர் காலை மிதித்துவிட்டு "ஐயோ" என்றிருந்தேன். எங்கேயும் சரியான வார்த்தை சரியான நேரத்தில் வருவதில்லை.

அஞ்சலை வீட்டில் இல்லை. காலை ஏழு மணி. குமார் தன் ஆட்டோவில் என்னை உப்பளத்துக்கே கொண்டுபோய் விட்டான். கண் கூசிற்று. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் உப்புக் குவியல், எல்லாம் வெள்ளை வெளேர் என்று கண்ணைக் குத்தியது. நாற்பது ஐம்பது வருஷம் இதைப் பார்த்த கண்ணில் சதை வளராமல் என்ன செய்யும்?

பாத்திக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நின்று, நீளக் கழி போட்ட பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. என்னைப் பார்த்ததும் கழியை விடாமலே கேட்டாள்:

"வந்துட்டியா? இன்னாடி இப்படி ஊதிட்ட?"

"நீ இன்னாடி இப்படி காஞ்சிட்ட?"

"நான் கருவாடு. நீ போண்டா. ரெண்டும் ஒரே கடையில போட்டதுதான்" என்றாள். பக்கத்துப் பாத்தியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "யாருக்கா இது, உன் மவளா?" என்றாள். அஞ்சலை, "ஆமா, பிரான்சுல பெத்தேன்" என்றாள்.

வேலை முடிய ஒன்பதரை ஆயிற்று. அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் குடிக்கவில்லை. நான் கொண்டுபோன பாட்டிலை நீட்டினேன்.

"வேணாம். குடிச்சா ஒதுங்க எடம் எங்க கீது? மறைவு ஒண்ணும் இல்ல பாரு. வூட்டுக்குப் போய் குடிப்போம்."

ஐம்பது வருஷமாக இப்படி. இதை எந்த டிவியிலும் சொல்ல மாட்டான்.

வரப்பில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அஞ்சலை, அந்த வீடியோ..." என்று ஆரம்பித்தேன், பள்ளிக்கூடப் பேச்சுக்குப் போக அதுதான் வழி என்று நினைத்து. அவள் முந்திக்கொண்டாள்.

"பாப்பா கேட்டதுல தப்பு இல்லடி. நீ பொய் சொன்னதும் பரவால்ல. ஆனா அந்த போனுல ரெண்டு மூஞ்சியும் ஒண்ணா தெரியுது பாரு. ஒண்ணு நல்லா இருக்குது, ஒண்ணு தேஞ்சி போயிருக்குது. ரெண்டும் ஒரே மூஞ்சி. அத்த நான் எதுக்கு டெய்லி பாக்கணும்? எங்க வூட்டுல கண்ணாடியே சின்னதுதான்."

பேச்சை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினேன். அதற்கு அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"கண்ணுக்கு ஆபரேசன் பண்ணா ஒரு மாசம் பாத்தியில எறங்கக் கூடாதாம். சீசன்ல யாரு வுடுவாங்க? மழ வுழட்டும், பாக்கலாம்."

"ஆபரேஷன் இல்லடி. சும்மா ரத்தம் எடுத்துப் பாக்கறது. எனக்கும் பாக்கணும், துணைக்கு வா."

"உனுக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

துணைக்கு என்றதும் ஒத்துக்கொண்டாள். தோளைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. அந்த உழைப்பைப் பார்த்துவிட்டு, எனக்குக் கை வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இடது கையால் தலை வாரிக்கொண்டேன். ஜாக்கெட் போடுவதில்லை, நைட்டிதான், வெளியில் போனால் சுடிதார். பிரான்ஸ்காரி அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

மத்தியானம் அவளே மீன் குழம்பு வைத்தாள். என் தட்டில் இருந்த மீனை எடுத்து முள் நீக்கி வைத்தாள். "உனுக்கு மறந்திருக்கும்" என்றாள். இரண்டாவது தடவையும் சொல்ல வந்தேன். ஒரு சதைத் துண்டை என் வாய்க்குள் திணித்துவிட்டாள். "தின்னு. அப்பறம் பேசு" என்றாள்.

அப்புறமும் பேசவில்லை. அன்றைக்கெல்லாம் ஒரே அலுப்பு. ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு அலைவதுபோல அலுப்பு வேறெதிலும் இல்லை.

5

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி. முதல் நாள் ரத்தம், படம், எலும்பின் கெட்டி பார்க்கிற மெஷின். பதிவு செய்கிற இடத்தில் இருந்த பெண் இரண்டு பேருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தாள். என்னிடம், "அம்மாவுக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும், ஒண்ணும் குடுத்துடாதீங்க" என்றாள்.

"அம்மா இல்லீங்க. அக்கா" என்றேன்.

"பெரிய அக்காவா?"

"கால் மணி நேரம் பெரியவ" என்றாள் அஞ்சலை. அந்தப் பெண் அட்டையில் இருந்த வயசைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள்.

மறுநாள் முடிவு வாங்கப் போனோம். பஸ்ஸில் மூன்றாவது தடவையாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால், கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். வலித்த தோள். அவளை எழுப்ப மனசு வரவில்லை, அசையாமல் உட்கார்ந்து வந்தேன்.

டாக்டர் ஒரு அம்மாள். நாற்பது வயசு இருக்கும். இரண்டு கட்டுக் காகிதத்தையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் அஞ்சலை கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன வந்தாலும் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அஞ்சலை யாரு? நீங்களா? உங்களுக்கு சுகர் இல்லை. பிரஷர் இல்லை. எலும்பு நல்லா கெட்டியா இருக்கு, உங்க வயசுக்கு ரொம்பவே நல்லா இருக்கு. ரத்தம் கம்மி. கிட்னி கொஞ்சம் களைச்சிருக்கு, தண்ணி குடிக்கறதே இல்லையா? இப்பவே கவனிச்சா சரியாயிடும், விட்டா சரியாகாது. கண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள பண்ணிடணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்மா. சுகர் கட்டுப்பாட்டுலயே இல்லை. எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு, ஒரு தடவை வழுக்கி விழுந்தா போதும். வெயில்லயே போறதில்லையா? ராத்திரி ஷிஃப்ட் பாக்கறீங்களா? தனியாவா இருக்கீங்க?"

ஆமாம், ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அஞ்சலையைக் காப்பாற்றத்தான் நான் பாரிஸிலிருந்து வந்தேன் என்று யாரிடம் சொல்வது?

"ஒரே கருவா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "வித ஒண்ணுதான். அப்பறம் அது விழுந்த மண்ணு, குடிச்ச தண்ணி, பட்ட வெயிலு. இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல என்னால முடியாதும்மா. தோலுக்கு கெடுதல் பண்ண வெயிலு எலும்புக்கு நல்லது பண்ணியிருக்கு பாருங்க."

"அப்ப இவ வெளிய தெரியாத கெழவி, நான் தெரியற கெழவி" என்றாள் அஞ்சலை. டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். உள்ளே பயமாக இருந்தது.

டாக்டரம்மா காகிதங்களைச் சேர்த்து வைக்கும்போது என்னைக் கவனித்தார். பையை நான் இடது கையால் எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"வலது கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"எழுந்து நில்லுங்க. நேரா. வலது கையத் தலைக்கு மேல கொண்டு போய் இடது காதத் தொடுங்க பாப்போம்."

எத்தனையோ சோதனை இருக்க, இதைத்தானா கேட்க வேண்டும்? தூக்கினேன். முழங்கை தோள் மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேல் பூட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். விரல்கள் நெற்றிப்பொட்டுப் பக்கம் நின்றுவிட்டன. காது எங்கேயோ இருந்தது.

அஞ்சலை நாற்காலியிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. தன் வலது கையைத் தூக்கினாள். ஐம்பது வருஷம் பலகை இழுத்த கை, அது பாட்டுக்குத் தலைக்கு மேலே போய், அந்தப் பக்கம் இறங்கி, காதைத் தாண்டிக் கன்னத்தைத் தொட்டது. அவள் தலை இம்மியும் அசையவில்லை. அன்றைக்கு நின்ற மாதிரியே நேராக நின்றாள்.

"சூப்பர்" என்றார் டாக்டரம்மா.

அஞ்சலை அந்தக் கையை எடுக்கவில்லை. ஒரு கண் சதை மூடியது, ஒரு கண் நல்லது, இரண்டாலும் என்னையே பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"தலைய சாய்ச்சிக்கோ அலமேலு. அன்னிக்கு சாய்ச்ச இல்ல, அந்த மாதிரி."

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அன்றைக்கே தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் புடவையும் தைலமும் கொண்டுவந்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரியும்.

தலையைச் சாய்த்தேன். கழுத்து வலிக்க வலிக்கச் சாய்த்தேன். அப்போதும் எட்டவில்லை.

அஞ்சலை பொக்கை வாய் தெரியச் சிரித்தாள்.

"எட்டல. சரி, இந்த வருசம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். நீ வூட்டுல இருந்து புள்ளையப் பாத்துக்க."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வலி தாங்காமல்தான் நான் அப்படி அழுகிறேன் என்று நினைத்து, கையை இறக்கச் சொன்னார்.